நாப்பி மடிக்கப் பழகுறேன்

என் செல்லத்துக்கு,

நான் நல்லா இருக்கேன். உனக்குத் தையல் வலி குறைஞ்சுதா? பாப்பா வயிறு நிறையக் குடிக்கிறாளா? அத்தையைக் கேட்டதாச் சொல்லு.

புதுசா வாங்கின துணி நாப்பி ஈரத்தை உறிஞ்சவே மாட்டேங்குது, எல்லாம் மடியில வழியுது, எனக்குக் குழந்தை வளர்க்கவே தெரியலைன்னு எழுதியிருந்தே. அடி பைத்தியம், அது துணியோட குணம். எங்க ஹோட்டல் சலவைக்கூடத்துல புது டவலும் அப்படித்தான், தண்ணியைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கும். புதுப் பருத்தியில எண்ணெய்ப் பசை இருக்கும். நாலஞ்சு தடவை துவைச்சுக் காயப்போடு, வழிக்கு வரும். துணிக்கு வாசனை ஊத்துறேன்னு எதையும் ஊத்திடாதே, அப்புறம் ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது.

நேத்து இங்கே ஒரே கூத்து. சாப்பாட்டு மேஜையில வைக்கிற வெள்ளைத் துணியில நாப்பி மடிச்சுப் பழகினேன். பிரிக்க மறந்துட்டேன். அது மத்ததோட சேர்ந்து விருந்துக்கே போயிடுச்சு! மேற்பார்வை பார்க்கிற அம்மா அதைக் கையில தூக்கிட்டு வந்து, "இது என்னப்பா?"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, "தொடைப் பக்கத்தை உள்ளே மடிக்கணும், இல்லேன்னா கசியும்"னு அவங்களே மடிச்சுக் காட்டினாங்க. நீயும் அப்படிச் செஞ்சு பாரு.

ஷிப்டுக்கு மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு உதவி. பாப்பாவுக்குக் கட்டின துணியில ஒண்ணு பார்சல்ல அனுப்பு, அளவு பார்க்கணும். அதை மட்டும் தேய்ச்சுத் தேய்ச்சுத் துவைக்காதே. நாள் பூரா கறை எடுக்கிறதுதான் என் வேலை. அது ஒண்ணுல மட்டும் கறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

பாப்பாவோட அப்பா