சாக்குப் பேய்க்கு முன்னால்

மச்சாள்,

இன்று காலை கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து ஒரு மூட்டை புது அரிசி வந்தது. இப்போதெல்லாம் பிளாஸ்ரிக் பைகளில்தான் கட்டி அனுப்புகிறார்கள். இது எங்கிருந்தோ அகப்பட்ட பழைய சணல் சாக்கு. அரிசியை வாளியில் கொட்டிவிட்டுச் சாக்கை உதறினேன். தூசும் சணலும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் கைவேலை அப்படியே நின்றுவிட்டது. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. நீங்கள் இருந்திருந்தால், "சாக்கை மணந்து பாத்துக்கொண்டு நிக்கிற விசரி நீ ஒருத்திதானடி" என்று ஏசியிருப்பீர்கள். ஏசிவிட்டு நீங்களும் ஒருதரம் மணந்து பார்த்திருப்பீர்கள். எதையும் சோதிக்காமல் விடுகிற ஆளா நீங்கள்?

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரமும் தறப்பாளுமாக ஒரு கொட்டில் போட்டு இருந்தோமே, அந்த நாட்களில் உங்கள் சந்தேகத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நிவாரணமாகக் கொடுத்த பருப்பை முதலில் கோழிக்குப் போட்டீர்கள். கோழி மறுநாளும் கூவிய பிறகுதான் எங்களுக்குச் சமைத்தீர்கள். வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிய வந்த பிள்ளையை நீங்கள் கேட்ட கேள்விகளில் அவள் தன் பெயரையே மறந்துபோய் நின்றாள். அதற்கு மேல், உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வீடு புகுகிறது என்ற கிறீஸ் பூதக் கதை வேறு ஊர் முழுக்க ஓடித்திரிந்த காலம். நீங்கள் கதவடியில் உலக்கையோடு படுத்தீர்கள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் உங்களை நினைத்து அழுகையும் வந்தது. ஏனென்றால் இந்தச் சந்தேகம் உங்களோடு கூடப் பிறந்ததல்ல, அது எந்த நாளில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

அந்த நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் அடுத்ததற்குப் போக முடியவில்லை. ராணுவச் சுற்றிவளைப்பு நடந்த அன்று ஊர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். ஜீப்புக்குள் ஒருவன். தலையில் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் பேசாமலிருந்தால் தப்பினாய், தலையை ஆட்டினால் போனாய். தலையாட்டி என்று சனம் பெயர் வைத்திருந்தது. நாங்கள் பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். என் அண்ணன், உங்கள் மனுசன், முன்னால் போனபோது அந்தச் சாக்கு ஆடியது. அண்ணன் திரும்பி வரவேயில்லை. நீங்கள் பொட்டை அழிக்கவுமில்லை.

சாக்குக்குள் இருந்தது யார் என்று உங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். சிவபாதத்தார். எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர். கட்டுக்கரை வாய்க்கால் தண்ணீருக்காக அண்ணனோடு மண்வெட்டி ஓங்கியவர். சுற்றிவளைப்புக்கு முந்திய கிழமை ஆமி அவரை வீதியில் பிடித்துக்கொண்டு போனது. சுற்றிவளைப்பு முடிந்த பின்பு அவர் உயிரோடு வீடு வந்தார். "போனவன் எப்பிடியடி முழுசா வந்தான்?" என்று என்னிடம் மட்டும் கேட்டீர்கள். தலைமன்னாரில் வள்ளம் ஏறும்போதும் கேட்டீர்கள். முகாமிலும் கேட்டீர்கள். எல்லோரும் அவரைச் சிவபாதத்தார் என்பார்கள். உங்கள் வாயில் அந்த 'ஆர்' ஒருநாளும் வந்ததில்லை.

திரும்பி வந்தால் பக்கத்து வளவில் அவர்! வெள்ளாங்குளம் பக்கம் இடம்பெயர்ந்து போய், எல்லாம் இழந்து, அவரும் குடும்பத்தோடு வந்து கொட்டில் போட்டிருந்தார். அவருடைய மகன் கஜனும் எங்கள் தர்சினியும் கிணற்றடியில் கதைக்கத் தொடங்கியதை நான்தான் பிந்திக் கண்டேன், நீங்கள் முதல் நாளே கண்டுவிட்டீர்கள். தர்சினி நான் பெற்ற பிள்ளை என்பது பேச்சுக்குத்தான். அவளுடைய தகப்பன் முகாமிலே காய்ச்சலில் போன பிறகு அவளை மடியில் போட்டு வளர்த்தது நீங்கள். சிவபாதத்தார் முறையாகப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். "மாட்டன்" என்றீர்கள். காரணம் கேட்ட பிள்ளைக்கு, "மாட்டன் எண்டால் மாட்டன்" என்றீர்கள். அவளும் உங்கள் வளர்ப்புத்தானே. "மாமி ஓமெண்டு சொல்லாமல் கட்டமாட்டன். அவரை விட்டு வேறை ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நான் தேய்ந்துபோனேன்.

அப்போதுதான் மன்னார் நகரத்துக்குக் களியாட்டம் வந்தது. ராட்டினம், பஞ்சுபோன்ற தும்பு முட்டாஸ், வளையல் கடை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பழைய களஞ்சியக் கட்டிடத்துக்குள் கறுப்புத் துணி அடைத்து ஒரு 'பேய் மாளிகை'. உள்ளே ஆட்கள் வேடம் போட்டுப் பயமுறுத்துவார்களாம். தர்சினி கெஞ்சி எங்களைப் பகல் பஸ்ஸில் ஏற்றினாள். அவள் திட்டத்தோடுதான் ஏற்றினாள் என்பது எனக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பேய் மாளிகைக்கு முன்னால் நீங்கள் நின்ற நிலையை மறக்க முடியுமா? "பயப்படுத்துறதுக்குக் காசு வாங்கிறாங்களோ? எங்களை இவ்வளவு காலமும் பயப்படுத்தினவங்கள் ஒருத்தனும் காசு கேக்கேல்லையே" என்றீர்கள். வாசலில் ஒருவன் படம் எடுத்து விற்றுக்கொண்டிருந்தான். உடனே சீலைத் தலைப்பால் முகத்தை மூடினீர்கள். பிறகு கேட்டீர்கள்: "உள்ளுக்கை போற வாசல் இது. வெளியிலை வாற வாசல் எங்கை?" சும்மா கேட்டுவிட்டு விட்டீர்களா? கட்டிடத்தைச் சுற்றிப் போய்ப் பின்வாசலைக் கண்டுபிடித்து, அங்கே காவல் நின்றீர்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வருகிறார்களா என்று பார்க்க! "சிவப்புச் சீலைக்காரி வந்திட்டா... கண்ணாடிக்காரனை இன்னும் காணேல்லை" என்று நீங்கள் முணுமுணுக்க, பக்கத்தில் கடலை விற்றவன் உங்களை ஒருமாதிரிப் பார்த்தான். கண்ணாடிக்காரன் சிரித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் உங்களுக்கு மூச்சு வந்தது.

திரும்பி முன்வாசலுக்கு வந்தால், அங்கே சிவபாதத்தாரும் கஜனும். அட, இந்தப் பெட்டை! இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டாள். நீங்கள் பெரிய சண்டை பிடிப்பீர்கள் என்று நான் நடுங்கினேன். நீங்களோ அவர்கள் வரிசையில் நின்றதையும் தர்சினி அவர்களுக்கு முன்னால் போய் நின்றதையும் பார்த்தீர்கள். "நட" என்று என்னைத் தள்ளினீர்கள். "அவன் போற இருட்டுக்கை என்ரை பிள்ளையைத் தனிய விடமாட்டன்."

உள்ளே முதலில் ஒரு ஒடுங்கிய வழி. ஈர நூல்கள் முகத்தில் பட்டன. வெள்ளைச் சீலையில் தலைவிரி கோலமாக ஒருத்தி ஓவென்று அழுதுகொண்டு பாய்ந்து வந்தாள். நான் கத்திவிட்டேன். நீங்கள் அவளை மேலும் கீழும் பார்த்து, "தலையை முடிஞ்சு கட்டு பிள்ளை, எங்கையாவது கொழுவி விழுந்து துலைக்கப் போறாய்" என்றீர்கள். பேய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அடுத்த அறையில் சவப்பெட்டியிலிருந்து ஒருவன் இரத்தம் வழிய எழும்பினான். தர்சினி கண்ணை மூடினாள். "இது ரத்தமில்லை, மோனை. ரத்தம் இந்த நிறத்திலை இருக்காது" என்று நீங்கள் மெல்லச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது அறையில் சிவப்பு வெளிச்சம். நடுவில் ஒரு கதிரை. கதிரையில் ஒருவன். கழுத்தில் கயிறு, தலையில் சாக்கு, இரண்டு ஓட்டை. தூக்கிலே செத்தவனுடைய ஆவி என்று நினைத்துத்தான் அந்த வேடத்தைக் கட்டியிருப்பார்கள், பாவங்கள். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போக வேண்டும். எங்களுக்கு முன்னால் போன பெடியள் இரண்டு பேரைப் பார்த்து அவன் பேசாமலிருந்தான். மூன்றாவது பெடியனைக் கண்டதும் மெல்லத் தலையை ஆட்டிவிட்டுப் பாய்ந்தான். அவர்கள் கூக்குரல் போட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

எங்கள் வரிசை ஓடவில்லை. உங்கள் வலது கை பேர்சுக்குள் போனது. அடையாள அட்டையை எடுத்து, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இடது கையால் தர்சினியை உங்கள் முதுகுக்குப் பின்னால் இழுத்தீர்கள். என்னைப் பார்த்தேன், என் கையிலும் அட்டை! எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். சிவபாதத்தார் நிலத்தில் குந்தியிருந்தார். இரண்டு கையும் பிடரியில். அட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தார். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. "அப்பா, இது விளையாட்டப்பா" என்று கஜன் அவரைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை.

சாக்குப் பேய் பயந்துபோனது. எழும்பி, விளக்கைப் போட்டு, சாக்கைக் கழற்றினான். வியர்வையில் குளித்த, நரை விழுந்த ஒரு மனிதன். பேச்சைக் கேட்டால் புத்தளப் பக்கத்துக்காரன் போல. "ஐயையோ, எழும்புங்க பெரியவரே, சும்மா வேஷம்" என்றான். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் விளங்கலம்மா. எல்லா ஊர்லயும் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. இந்த ஊர்ல மட்டும் ஐசிய எடுத்து நீட்டுறாங்க. நேத்தும் இப்புடித்தான்." அவனுக்கு யார் விளக்கம் சொல்வது? நான் அட்டையைத் திருப்பிப் பேர்சுக்குள் வைத்தேன்.

நீங்கள் வைக்கவில்லை. சிவபாதத்தாரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு அந்த மனிதனுடைய கையிலிருந்து சாக்கை வாங்கினீர்கள். அப்போதுதான் எழுந்து சுவரோடு சாய்ந்து நின்றவரிடம் அதை நீட்டினீர்கள்.

"இதைப் போடு பாப்பம்."

மச்சாள், உங்களைவிட மூத்த மனிதரை நீங்கள் 'நீ' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர் சாக்கைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அவர் வீட்டில் நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்காததன் காரணம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"போடுறன் தங்கச்சி. ஆனால் இதை ஆர் போட்டாலும் அவனை மாதிரித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டிச் சாக்கை வாங்கினார். விரித்தார். தலைக்கு மேலே தூக்கினார். சாக்கின் வாய் அவருடைய நெற்றியைத் தொட்ட நேரம் நீங்கள் பாய்ந்து பறித்தீர்கள்.

"வேண்டாம். பிள்ளை பாக்கிறாள்."

அவ்வளவுதான். சாக்கை உரியவனிடம் கொடுத்துவிட்டுத் தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். வெயில் கண்ணைக் குத்தியது. கஜன் தகப்பனுக்குச் சோடா வாங்க ஓடினான். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

பஸ்ஸில் தர்சினி முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். பாலம் தாண்டியதும் நீங்கள் சொன்னீர்கள், "கலியாணத்தை வைப்பம்" என்று. எனக்குக் காது கேட்டது சரிதானா என்றிருந்தது.

"அப்ப அந்தத் தலையாட்டி அவர் இல்லையெண்டு நம்பிறியளோ, மச்சாள்?"

"ஆர் சொன்னது? 'அது நான் இல்லை' எண்டு அவன் ஒருக்காலும் சொல்லேல்லை. கவனிச்சனியோ?"

"அப்பிடிக் கிடுகிடுவெண்டு நடுங்கினாரே, பாவம்."

"நடுங்கினான்தான். வெளியிலை நிண்டு பாத்தவனும் நடுங்குவான். உள்ளுக்கை இருந்து பாத்தவனும் நடுங்குவான்."

"பிறகு என்னத்துக்குக் கலியாணம்?"

நீங்கள் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அவன் அதைத் தலையிலை போட்டிருந்தால் நான் காலம் முழுக்க அந்தத் தலையைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். பிள்ளையும் பாத்துக்கொண்டிருப்பாள். எனக்கு என்ரை மனுசன் போனது போதும். இவளையும் அந்த வரிசையிலை நிப்பாட்டேலாது." பிறகு என் தொடையில் இறுக்கிக் கிள்ளினீர்கள். "இது என்னோடை முடியோணும். அவளின்ரை காதிலை போட்டியோ, உன்னைக் கொன்றுபோடுவன்."

கலியாணம் நடந்தது. தாரை வார்த்துக் கொடுத்தது நீங்கள். சம்பந்தி வீட்டில் முதல்தரம் தேத்தண்ணி தந்தபோது கோப்பைக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தீர்கள், நான் கண்டேன். பேரப்பிள்ளை பிறந்தது. சிவபாதத்தாருக்குச் சுகமில்லாமல் வந்தபோது கஞ்சி காய்ச்சி அனுப்பினீர்கள். ஆனால் 'ஆர்' மட்டும் கடைசிவரை வரவில்லை. நீங்கள் போன அன்று அவர் தலைமாட்டில் வந்து நின்று, வாய்விட்டு அழுதார். ஏன் அவ்வளவு அழுகிறார் என்று நான் அழுகையை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். அப்போது எனக்கு விளங்கியது, உங்களோடு முடியவில்லை என்று. அது என்னிடம் வந்துவிட்டது. நல்ல மனிதர் அவர், எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அவர் எதற்காவது 'ஓம்' என்று தலையசைத்தால் எனக்கு நெஞ்சு ஒருதரம் நின்று அடிக்கிறது. உங்கள் மேல் கோபம்கூட வருகிறது, மச்சாள். இதை எவ்வளவு காலம் தனியே வைத்திருந்தீர்கள்? எப்படி வைத்திருந்தீர்கள்?

தர்சினிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு அது. அரிசியைக் கொட்டி முடித்து நான் சும்மா இருப்பதைக் கண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு வருடமும் கேட்காதவள் இன்றைக்குக் கேட்டாள்:

"அம்மா, அண்டைக்கு மாமி ஏன் மாமாவைச் சாக்குப் போடச் சொன்னவ?"

"பகிடிக்கு" என்றேன்.

"மாமி பகிடி விடுற ஆளோ?"

"அண்டைக்கு விட்டவ. எழும்பு, சோறு போடப் போறன்."

அவள் எழும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.