நாலு மணி நேரத் தூரம்

மார்ச் 4, செவ்வாய்

டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விமான நேரம் சொல்கிறேன். எல்லாருக்கும் புரிகிறது. பெற்ற அப்பாவுக்கு மட்டும் புரியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அவள் போன் வந்தால் அப்பா எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். அவருடைய கண் ஆபரேஷனுக்கு அவள் வரவில்லையாம். நிறைமாதக்காரி எப்படி வருவாள்?

"நாலு மணி நேரத் தூரம். வர மனசில்லைன்னு சொல்லு."

அந்த நாலு மணி நேரம்! அவள் போன அன்று டிக்கெட்டை அவரே படித்தார். காலை பத்துக்கு ஏற்றம், மதியம் இரண்டுக்கு இறக்கம். அந்த இரண்டு மணி அவள் ஊர்க் கடிகாரத்தில், அது நமக்குப் பத்து மணி நேரம் பின்னால், நிஜத்தில் பதினாலு மணி நேரம் பறக்க வேண்டும் என்று தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிவிட்டேன்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்ட நேரக்கணக்கு சொல்றியா?"

மார்ச் 9

மேப்பைக் காட்டினேன். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். "மேல ஏது சிக்னல், ஏது ஸ்டாப்?" என்கிறார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 10

புத்தி கெட்டுப்போய், அங்கிருந்து வரும் விமானத்தின் நேரத்தையும் காட்டித் தொலைத்தேன். இன்று இரவு ஏறினால் நாளை இரவு இறக்கம்.

"போக நாலு மணி, வர ஒரு நாளா? யார் காதுல பூ சுத்துறே?"

மார்ச் 21

புதுக் கூத்து. "நாலு மணி நேரம்தானே! நேர்லயே போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். ஒரு நைட் ஹால்ட், மறுநாள் ரிட்டர்ன்."

தங்கையிடம் சொன்னேன். "திட்டவாவது வரட்டும்க்கா" என்றாள். உடனே அவருக்கு விசா விண்ணப்பம் போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

ஒருவழியாக விசா வந்து, கிளம்பிவிட்டார். ரிட்டர்னை ஒரு மாதம் தள்ளித்தான் போட்டிருக்கிறேன், அவருக்குத் தெரியாது. வழிக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாடு மகள் வீட்டிலாம்! விமான நிலையத்திலும் சண்டை. போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் — இன்னும் வானத்தில்தான் இருக்கிறார். முட்டிவலிக்காரர். வீம்புக்கு வீம்பு என்று அனுப்பிவிட்டேனோ?

ஏப்ரல் 27, ஞாயிறு

தங்கை கூப்பிட்டாள். "ஒரு வார்த்தை திட்டலைக்கா. நடக்கவே முடியலை, கால் வீங்கியிருக்கு. குழந்தையை வாங்கி மடியில வச்சுக்கிட்டு, 'இவ்ளோ தூரத்துல தனியாவா பெத்தே?'ன்னு கேட்டாரு."

பிறகு அவரே போனை வாங்கினார். "பிளேன்ல ரெண்டு தடவை சோறு போட்டாச்சு, வெளியில பொழுது சாயவே மாட்டேங்குது. ஏம்மா, கைக்குழந்தையோட இவளை வரச்சொல்லாதே. நானே வந்துபோறேன்." அடுத்து என்மேல் பாய்ந்தார். "ஆமா, இவ்ளோ தூரம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லவில்லைதான் அப்பா, தப்புதான் என்றேன். போனை வைத்துவிட்டுத் தலையணையை நாலு குத்து குத்தினேன். அப்புறம் அதிலேயே முகத்தைப் புதைத்து அழுதேன்.