பொறுமைக்குப் பன்றி

ஜூலை 2

அனைவரின் கனிவான கவனத்திற்கு. நீண்ட நாட்களாக மெலிந்துகொண்டே வந்த எங்கள் குளியலறைச் சோப்பு இன்று காலை வடிகால் வழியாக இயற்கை எய்தியது. அன்னாருக்கு வாரிசு இல்லை, அலமாரியில் பார்த்துவிட்டேன்.

இரங்கல் உரை மட்டும் நடந்தது. ஆற்றியவர் என் அக்கா. "இத்தனை நாள் நுரை குடுத்ததுக்கு நன்றி." கதவுக்கு வெளியே பல் தேய்த்துக்கொண்டு நின்ற நான் வாயிலிருந்த பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். இன்னும் குமட்டுகிறது. பேஸ்ட்டால் இல்லை.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிற வேலை. எது எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று சொல்ல வேண்டும். இன்னும் சோதனைக் காலம். இந்த மாதக் கடைசியில்தான் நிரந்தரமா, வீட்டுக்கா என்று தெரியும். இதற்கு முன் வேலை பார்த்த துணிக்கடை எரிந்துபோனது. அடுத்த கம்பெனியை இழுத்து மூடினார்கள். அதற்கடுத்த இடத்தில் இவள் சேர்ந்த வாரமே முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். "அவ ராசி அப்படி" என்பார் அப்பா, மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே. அவருக்குக் கண்ணாடிக் கடை. தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

இப்போது ஃபோனில் வருகிற வீடியோவில் எவளோ ஒருத்தி இவளுக்குச் சொல்லிவிட்டாள். நன்றி சொல்லு, எதையும் வியந்து பாரு, சின்னச் சின்ன உதவி செய்யி, அதிர்ஷ்டம் தானாக உண்டாகும்.

"அதிர்ஷ்டம் வராதுடா. நாமதான் செஞ்சுக்கணும்."

"எத்தனை டிகிரியில வேக வைக்கணும்?"

"கிண்டல் பண்ணதுக்கும் நன்றி."

உவ்வே.

ஜூலை 4

இன்று நன்றி பெற்றோர்: குளிர்பெட்டி, கதவுத் தாழ்ப்பாள், பக்கத்து வீட்டுப் பூனை. தாழ்ப்பாள் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் மானமுள்ளது அது ஒன்றுதான்.

பிறகு வியப்புப் பாடம். தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி ஜன்னலுக்கு இழுத்துப்போனாள். சிலந்தி வலையில் பனித்துளி. "வியப்பா இல்ல?"

"வியர்ப்பாத்தான் இருக்கு. ஃபேனைப் போடு."

சிலந்தியின் இரவுச் சாப்பாடும் அதே வலையில் பாதி மென்றபடி தொங்கியது. அதையெல்லாம் இவர்கள் வியப்பதில்லை.

கடுப்பில் ஒரு கண்டுபிடிப்பு பிறந்தது. ந-வை எடுத்துவிட்டு ப-வைப் போடு. அவ்வளவுதான். அவள் "நன்றி" என்றால் நான் குனிந்து, பணிவாக, வேகமாக, "பன்றி" என்பேன். வேகமாகச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது.

"என்னடா சொன்னே?" என்றாள் அம்மா.

"நன்றிம்மா."

"சளி பிடிச்சிருக்கு உனக்கு. வெந்நீர் குடி."

ஜூலை 7

சாப்பாட்டு வேளையில் அக்கா, யோசிக்காமல், அம்மாவிடம் தானே "பன்றிம்மா" என்றாள். பயிர் முளைத்துவிட்டது. உழவன் மகிழ்ச்சியில் இருக்கிறான்.

ஜூலை 9

பள்ளி விட்டதும் அக்காவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனேன். அந்தப் பேருந்து நிலையத்தைப் போல அசிங்கம் பிடித்த இடம் உலகத்தில் இருக்க முடியாது. பெஞ்சுக்கு அடியில் கையை விட்டால் தலைமுறை தலைமுறையாகத் துப்பிய பபிள்கம். கழிவறை வாசனையே வழிகாட்டிப் பலகை. மேலாளருக்கு நான் வைத்த பெயர் சீப்பு. பேசும்போதெல்லாம் தலை வாருவார். வாரி முடித்து, சீப்பில் சிக்கிய முடியை உருட்டி, யாருடைய கோப்பின் மேலாவது வைப்பார்.

அக்காவுக்குக் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே நுழைந்தால் பாம்புப் புற்று, தரையெல்லாம் ஒயர். ஓட்டுநர்களின் ஓய்வறையில் ப்ளக் வேலை செய்யவில்லையாம், அதனால் எல்லாருடைய ஃபோனையும் இவள் இங்கே சார்ஜ் போட்டு வைக்கிறாள். அந்த ஃபோன்கள் அடித்தால் இவளே எடுத்துப் பேசுகிறாள். "அவர் சாப்பிடப் போயிருக்கார்ங்க. என்ன வாங்கிட்டு வரணும்? சரி, சொல்றேன்." ஊரில் இருக்கிற எல்லார் வீட்டுப் பால் கணக்கும் இவள் தலையில்.

ஓர் ஓட்டுநர் ஃபோனை எடுக்க வந்தார். வந்ததும் தும்மினார். கண்ணாடி முழுக்கச் சாரல். அதற்கும் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"அண்ணே, உங்க பொண்ணு கலர் பென்சில் கேட்டா. பன்னிரண்டு வேணாமாம், இருபத்தி நாலு இருக்கிற பெட்டியாம்."

"எங்கிட்ட பன்னிரண்டுன்னுதானே சொன்னா." மறுபடி தும்மல். "உன் நம்பரைக் குடு தங்கச்சி. வழியில ஏதாவதுன்னா நேரா உனக்கே அடிச்சிடறேன். ஆபீஸ்ல எவன் எடுக்கிறான்."

எல்லாரும் அவள் நம்பரை வைத்திருக்கிறார்களாம். கடைசியில் அதிர்ஷ்டம் என்பது இதுதான்: இலவசத் தொலைபேசி நிலையம், தும்மலில் குளியல்.

ஜூலை 13

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இன்றும் டப்பாவோடு போயிருந்தேன். நல்ல கூட்டம். ஒரு வண்டி தாமதம். அக்கா மைக்கில் வழக்கமான இழுவையோடு சொன்னாள்: "எழுபதாம் தட வண்டி சற்றுத் தாமதமாக வந்து சேரும். தங்கள் பொறுமைக்குப் பன்றி."

ஒரு குழந்தைதான் முதலில் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அப்புறம் மூட்டை வைத்திருந்த ஒருத்தர் மூட்டையை இறக்கி வைத்தார். "யாரைப் பன்றிங்கிறா?"

"மன்னிக்கவும்," என்றாள் மைக்கில். "தங்கள் பொறுமைக்குப் பன்... நன்..." அவ்வளவுதான், நிலையமே கண்ணாடி அறைக்கு முன்னால் வந்துவிட்டது. காத்திருந்த எரிச்சல் எல்லாருக்கும் இருந்தது. கொட்ட இடம் கிடைத்தது. ஒருத்தர் ஃபோனில் படம் பிடித்தார். ஒரு பாட்டம் கத்தி முடித்தவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கத்தினார்.

சீப்பு வந்தார். வாரினார். "இந்த மாசக் கடைசியோட நின்னுக்கோம்மா. பதிவு பண்ணின குரல் போடுற பெட்டி வருது. அது யாரையும் திட்டாது."

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் சொன்னது இதுதான்: "நாக்கு குழறிடுச்சு சார்."

ஜூலை 14

அக்காவிடம் போனேன்.

"திட்டு."

"மாட்டேன்."

"ஏன்?"

"திட்டினா உனக்கு லேசாயிடும். அதனால மாட்டேன்."

இவள் ஒன்றும் அப்படிப் புண்ணியவதி இல்லை. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"நாலாவது வேலையும் போச்சா" என்றார் அப்பா. "நான்தான் சொன்னேனே." தான் சொன்னது சரியாகிவிட்டதில் அவருக்கு ஒரு திருப்தி. சகிக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது அதைவிடச் சகிக்காத ஒரு மூஞ்சி தெரிந்தது. பற்பசைக் கறையோடு. இந்த மூஞ்சியைத்தான் பத்து நாளாக நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா?

சாப்பிட்டு எழுந்ததும் அக்கா அம்மாவிடம் "நன்றிம்மா" என்றாள். ந-வில் ஒரு நொடி நின்று, பார்த்துப் பார்த்துச் சொன்னாள், படியிறங்கும்போது ஈரத்தில் கால் வைப்பது மாதிரி. அந்த ஒரு நொடி என் சொத்து. நான் சம்பாதித்தது.

ஜூலை 17

வரலாற்றில் பொறிக்கப்படட்டும். இன்று நானே நேரில் போய்ச் சீப்பைச் சந்தித்தேன். "குற்றவாளி நான்தான். தண்டனையை எனக்குக் கொடுங்கள். வாய் அவளுடையது, வார்த்தை என்னுடையது" என்று ஆரம்பித்து, தங்குதடை இல்லாமல் பேசினேன். அவர் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "யோசிக்கிறேன் தம்பி" என்றார், குரல் தழுதழுக்க.

முடிந்தது. அக்காவுக்கு வேலை நிச்சயம். எவளோ ஃபோனில் சொன்ன அதிர்ஷ்டம் எல்லாம் தம்பியின் வாய்ச்சொல்லுக்கு முன் தூசு.

ஜூலை 22

உடம்பெல்லாம் ஈரம். மற்றவர்கள் ஈரமும் சேர்த்து.

மதியமே வானம் இருட்டிக் கொட்டித் தீர்த்துவிட்டது. பள்ளியைப் பாதியில் விட்டார்கள். நான் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு வண்டிகூட இல்லை, ஊரே அங்கே நின்றது. ஈரக் காலுறை நாற்றம், ஈர நாய் நாற்றம், யாரோ ஒரு குழந்தை என் பை மேல் வாந்தி எடுத்தது. அலுவலகத்துக்கும் வண்டிகளுக்கும் இருந்த லைன் செத்துவிட்டது. சீப்பு ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று "வரும், வரும்" என்று கத்தினார். "எது வரும்? எப்ப வரும்?" என்றால், "வரும்" என்றார். மூன்று பேர் அவர் நாற்காலிக் காலைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்கள்.

அப்போது அக்காவின் ஃபோன் அடித்தது. முதலில் ஒரு தும்மல்.

"தங்கச்சி, சுரங்கப்பாதையில இடுப்பளவு தண்ணி. ஆஸ்பத்திரி பக்கமாச் சுத்தி வர்றேன். கொஞ்சம் ஆகும். ஆபீஸ் லைன் கிடைக்கல, நீ சொல்லிடு."

அவள் மைக்கில் அப்படியே சொன்னாள். சுரங்கப்பாதை, தண்ணீர், ஆஸ்பத்திரி, சுற்று. கூட்டத்தில் ஒரு பகுதி அடங்கியது. நாற்காலியை ஆட்டியவரில் ஒருத்தர் கையை எடுத்துவிட்டார். வண்டி வராதது ஒன்றும் மாறவில்லை; ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் மனுஷன் எப்படியோ காத்திருந்துவிடுகிறான். அப்புறம் அடுத்த ஃபோன். அதற்கடுத்தது. பால் வாங்கச் சொன்ன வீட்டு ஓட்டுநர், மாத்திரை வாங்கச் சொன்ன வீட்டு ஓட்டுநர், எல்லாரும் வரிசையாக. நான் ஃபோனை அவள் காதில் பிடித்தேன், அவள் மைக்கில் பேசும்போது அடுத்த அழைப்பை நானே எடுத்தேன்.

அப்பா ஃபோன் கிடைக்காமல் அக்கா நம்பருக்கே அடித்த ஒரு சின்னப் பெண் குரல். "எங்கப்பா எங்க?" கலர் பென்சில் கேட்டவள். என்ன கேலி செய்யலாம் என்று வாய் வழக்கம்போலத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. "ஆஸ்பத்திரி பக்கமாச் சுத்தி வர்றார். இப்பதான் பேசினார், பேசுறதுக்கு முன்னாடி தும்மினார்" என்றேன்.

"அப்ப அவர்தான்" என்று வைத்துவிட்டாள்.

சீப்பு கண்ணாடி அறைக்கு வந்தார். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, வாரவில்லை. "உனக்கு எப்படிம்மா தெரியுது?"

"ஃபோன் சார்ஜ் போட விட்டேன் சார். விதிப்படி கூடாது. தெரியும்."

அவர் கதவருகே நின்று கூட்டத்தைத் தடுத்துக்கொண்டார்.

கடைசி அறிவிப்பில் அக்கா "தங்கள் பொறுமைக்கு..." என்று நிறுத்தினாள். மொத்த நிலையமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"...நன்றி."

யாரோ கைதட்டினார். "நாங்க மனுஷங்கதானாம்பா" என்றார் இன்னொருத்தர். சிரிப்பு. அதே மூட்டைக்காரராக இருக்கலாம், சரியாகத் தெரியவில்லை; ஈரத்தில் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

அப்புறம் மழைக்குள்ளிருந்து முதல் வண்டியின் விளக்கு தெரிந்தது. பிறகு இன்னொன்று. தரையில் தேங்கிய அந்தக் கேவலமான, எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் அந்த வெளிச்சம் நீளமாக வந்து எங்கள் அறை வரைக்கும்...

போதும். இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பது நல்லது.

ஜூலை 23

சளி. நிஜமாகவே. வெந்நீர் சகிக்கவில்லை.

ஜூலை 31

அக்காவுக்கு வேலை நிரந்தரம்.

பதிவுக் குரல் பெட்டி வந்துவிட்டது, பிரிக்காமல் அவள் அறையில் கிடக்கிறது. அதன் மேல் ஃபோன்கள் சார்ஜ் ஆகின்றன. ஒன்று சீப்பினுடையது.

வீட்டில் அப்பா, "எம் பொண்ணு சின்ன வயசுலேருந்தே ராசிக்காரி" என்றார். ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் இப்படி மாற்றிச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வருகிறதோ. அம்மா அக்காவின் தட்டில் ஒரு கரண்டி கூடப் போட்டாள். அக்கா ஃபோன்காரி சொன்னபடி எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள், மேசைக்கு உட்பட. எனக்கு இன்னும் குமட்டத்தான் செய்கிறது. அதில் எந்த மாற்றமும் இல்லை என்று பதிவு செய்கிறேன்.

பொறுக்க முடியாமல், "ஒருத்தர் போய்ப் பேசினதாலதான் கிடைச்சது" என்று ஆரம்பித்து, பதினேழாம் தேதி உரையை ஒரு வரி விடாமல் சொன்னேன். சீப்பு விழுந்ததையும் சேர்த்து.

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "எனக்காகப் போய்ப் பேசினியாடா?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "நன்றிடா தம்பி."

நான் தட்டோடு எழுந்து கை கழுவப் போனேன்.

ஆகஸ்ட் 2

அந்த நன்றி இரண்டு நாளாகத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்று சாயங்காலம் நிலையத்துக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

பதினேழாம் தேதி சீப்பின் அறை வரைக்கும் போனேன். கதவில் கை வைத்தேன். உள்ளே அவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன். நேராகக் கழிவறைக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, அங்கே உடைந்து தொங்கும் கண்ணாடியைப் பார்த்து அந்த உரையை முழுவதுமாக ஆற்றினேன். தங்குதடை இல்லாமல் பேசியது மட்டும் உண்மை. கீழே விழுந்தது சீப்பு இல்லை, சோப்பு டப்பா; அதுவும் என் கை பட்டு.

கேட்ட ஒரே ஆள் அங்கே தரை துடைக்கிறவர். வாளியோடு கடைசி வரைக்கும் பொறுமையாக நின்றார். நான் முடித்ததும் சொன்னார்: "நல்லாப் பேசுறே தம்பி. கொஞ்சம் காலைத் தூக்கு, அடியில தொடைக்கணும்."

தூக்கினேன். அன்றைக்கு நான் ஒருத்தருக்குச் செய்த உதவி அது ஒன்றுதான்.