கடைசி வரிசையில் ஒரு கை

வெள்ளவத்தை
புதன்கிழமை

சுபாஷினியின் தாத்தாவுக்கு ஆறாயி எழுதுவது. முழங்கால் வலி எப்படி? தைலம் போடுகிறீர்களா? நான் நலம். லொட்ஜில் சமையல் வேலையும் குறையில்லாமல் போகிறது.

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயம். நம் பேத்தி நூலகர் சங்கத்துச் செயலாளர் பதவிக்கு நின்றாள். அவளைப் போல் சிறுவர் பகுதியில் வேலை பார்க்கிறவர்கள் யாரும் இதுவரை அதற்கு வந்ததில்லையாம். சம்பளமில்லாத பதவி எதற்கு என்று கேட்டேன். "பிள்ளைகளுக்கு என்ன செய்யணும்னு அங்கதான் முடிவெடுக்கிறாங்க அம்மாயி" என்றாள். தேர்தல் கூட்டத்துக்குத் துணையாக என்னையும் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள்.

"சுபாஷினி வேணுங்கிறவங்க கை தூக்குங்க" என்று தலைவர் தமிழிலும் சொன்னார். நானும் தூக்கிவிட்டேன். எண்ணிப் பார்த்தார்கள், ஒரு கை கூடுதலாகி அவள் ஜெயித்துவிட்டாள். உடனே அவளே எழுந்து, "கடைசியில இருக்கிறது என் அம்மாயி. அவங்க சங்கத்துல இல்ல" என்றாள். என் கையைக் கழித்ததும் சரிசமம். அப்படியானால் தலைவர்தான் முடிவு சொல்வாராம். அவர், இவளை எதிர்த்து நின்றவரின் பெயரைச் சொன்னார்.

பஸ்ஸில், "ஏன் அம்மாயி தூக்கினீங்க?" என்றாள்.

"வேணுமான்னு கேட்டாங்க. எனக்கு வேணும், தூக்கினேன்."

சிரித்துவிட்டாள். "அடுத்த வருஷமும் நிப்பேன். நீங்க வாசல்ல உக்காருங்க."

தோட்டத்து லயத்தில், நம் வீட்டுப் பெட்டியில் என் பச்சைக் கம்பளி இருக்கும். யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிரில்லை, ஆனாலும் வேண்டும். பருப்பு பொங்குகிறது.

ஆறாயி