நீ எடுத்தது இடப்பக்கம், மச்சான்

என் உயிரான வேலு மச்சானுக்கு,

உன் கேமரா பத்திரமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதியை நீ நிம்மதியாகக் கேட்க மாட்டாய். லென்ஸில் ஒரு கீறல் கிடையாது. பையின் ஜிப்தான் போய்விட்டது, அதைக் கலா ஊசியும் நூலும் எடுத்துத் தைத்துவிட்டாள்.

அடுத்ததுதான் பெரிய செய்தி. நாங்கள் புலியைப் பார்த்துவிட்டோம், மச்சான். படமும் எடுத்தாகிவிட்டது. எடுத்தது நானில்லை, உன் தங்கச்சி கலா. நம்ப மாட்டாய், தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேலு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவன். வருடம் முழுக்க லீவு போடாமல் சேர்த்துவைத்து, அத்தனையையும் ஒரே மூச்சில் காட்டில் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வருவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கொக்கையும் நீர்க்கோழியையும் படம் எடுத்துக்கொண்டிருப்பான், ஆனால் மனசு முழுக்கப் புலியிடம். எனக்கு முதலில் சிநேகிதன். அவன் தங்கச்சியைக் கட்டிக்கொண்ட பிறகு அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். அவ்வளவுதான். இனி உன்னோடு பேசுகிறேன்.

எத்தனை வருடம் வெறுங்கையோடு திரும்பி வந்தாய்! மயில், செந்நாய், யானையின் வால், மான் ஓடும்போது அதன் பின்பக்கம். படங்களை டிவியில் போட்டுக் காட்டுவாய். கலா வாசலில் வைத்திருக்கும் இட்லி மாவுக்கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்ப்பாள். "புலி பாக்கப் போயி மானோட முதுக பாத்துகினு வந்துகிறாருய்யா எங்கண்ணன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சிரிப்பாள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அடுத்த வருடம் மறுபடியும் கிளம்பிவிடுவாய்.

பிறகு ஒரு வருடம் கிடைத்தேவிட்டது. மூங்கில் மறைவில் பாதி முகம், படத்தின் இடப்பக்கம் நோக்கி ஒரு நடை, விலாவில் வெயில் விழுந்து கோடு கோடாக மின்னுகிறது. அதைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து நம் கூடத்தில் மாட்டினாய். அன்று கலா கேட்டாள்: "சரிண்ணே, பாத்துட்ட. அப்டி இன்னாதான் கீது அதுல?"

நீ சட்டத்தின் ஓரத்தைத் துணியால் துடைத்தாய். "அத்த சொல்ல வர்ல கலா. நீ ஒரு தபா வந்து பாரேன்."

"ஆமா, எனக்கு வேற வேல இல்ல. மாவு யாரு அரைப்பா, உன் புலியா?"

அந்தப் பேச்சு அதோடு நின்றது. போன வருடம் மழைக்கு முந்தைய மாதம், காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போன நீ, பஸ் ஸ்டாப் பெஞ்சில் டிபன் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சு வலி என்று ஒரு நாளாவது எங்களிடம் சொன்னாயா? இல்லை, உனக்கே தெரியாதா?

காரியம் முடிந்த மறுநாள் கலா அந்தப் படத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி வைத்துவிட்டாள். மாடி அறையைப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்தாள். உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். கிரைண்டரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பாள். நானும் விட்டுவிட்டேன். ஏசி ரிப்பேருக்கு வீடு வீடாகப் போகிறவன் நான். எந்த வீட்டில் எதைத் தொடக்கூடாது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள். "யோவ், எங்கண்ணன் அங்க போயி இன்னாத்த பாத்துச்சு?"

"புலியை."

"அது தெரியும்யா. சாமிக்கு வேண்டிக்கினவன் மாதிரி வருசா வருசம் போச்சே. இன்னாத்த பாத்துச்சுன்னு கேக்குறேன்."

எனக்கும் தெரியவில்லை, மச்சான். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் உன்னிடம் கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே சாவி வந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். எந்தப் பொத்தான் எதற்கு என்று படித்தேன். எருமைகளைப் படம் எடுத்துப் பழகினேன். கலா பக்கத்தில் நின்று, "படத்துல நிக்கிற எருமையே ஆடுது, ஓடுற புலிய எப்டி புடிப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு கையிலிருந்து பிடுங்கி அவளே ஒன்று எடுத்தாள். அந்த எருமை ஆடவில்லை.

பிறகென்ன, கடை ஷட்டரில் "மாவு கிடையாது" என்று சாக்பீஸில் எழுதிவிட்டுக் கிளம்பினோம். ரயில், பஸ், மலையேறி இறங்கி மசினகுடி. காட்டுக்குள் பளீர் நிறம் கூடாது என்றார்கள். உன் பச்சைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, நீண்டு தொங்கிய கையை மடித்துவிட்டாள். ஜீப்பில் கூட வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. ஒரு மான் கூட்டம் ஓடியது, கலா பட்டென்று அழுத்தினாள். திரையில் பார்த்தால் முதுகு. உன் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள், கண்ணில் நீர் வருகிற வரைக்கும். நீ போன பிறகு உன்னை நினைத்து அவள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை பனி விலகவில்லை. ஒரு திருப்பத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். "யாரும் பேசாதீங்க. கடமான் கத்துது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கனமான ஏதோ ஒன்றைத் தகரத்தில் அடித்த மாதிரி ஒரு சத்தம், நிறுத்தி நிறுத்தி. ஒரு ஆபத்தைப் பார்த்து இன்னொரு பிராணி ஊருக்கே சொல்கிறது, ஜீப்பில் இருக்கிற நாங்கள் அதை ஒட்டுக் கேட்கிறோம். உனக்கும் முதல் தடவை அப்படித்தான் கேட்டதா?

கேமராவைப் பிடித்திருந்த என் கை நடுங்க ஆரம்பித்தது. கலா பார்த்தாள், கேமராவை வாங்கிக்கொண்டாள்.

இடது கைப்பக்கப் புதரிலிருந்து அது வெளியே வந்தது. அவசரமே இல்லை. எங்களுக்கு நேர் முன்னால் பாதையைக் கடந்தது, இடமிருந்து வலமாக. நடுவில் நின்றது. பிறகு ஓரத்து மரத்திடம் போய் மோந்து பார்த்தது, வாலைத் தூக்கி ஒரு பீச்சுப் பீச்சியது, மறுபடியும் நடந்தது. அதன் தோள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிசு, மச்சான்! படத்தில் அது தெரியவே தெரியாது. ஒரு முறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. புல் மூடிக்கொண்டது.

ஜீப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கலா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நம்மள ஒரு ஆளாவே மதிக்கலய்யா அது." சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அதைத்தான் நீ பார்த்தாயா? நாளெல்லாம் ஒருவர் மேற்பார்வையில் நின்று வேலை செய்கிறவனுக்கு, தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருப்பது அவ்வளவு பிடித்திருந்ததா? நானாகச் சொல்கிறேன். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

டீக்கடையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்டதில் ஜீப்பின் கம்பிதான் விழுந்திருந்தது. ஒன்று மட்டும் கோடு கோடாகத் தெளிவாக விழுந்திருந்தது. என் போனில் இருந்த, நீ எடுத்த புலிப் படத்தைத் திறந்து, அதன் பக்கத்தில் வைத்து, கலா கடைக்காரரிடம் கேட்டாள்: "அண்ணாத்தே, இது எங்கண்ணன் எடுத்தது, இது நான் எடுத்தது. ரெண்டும் ஒரே புலியா பாருங்களேன்."

அவருக்குத் தெரியவில்லை. அடுத்த பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். யாழினி என்று பேர், புலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். "கொஞ்சம் குடுங்கக்கா" என்று வாங்கிப் பார்த்தாள்.

"கோடு மனுசங்க கைரேகை மாதிரிக்கா. ஒண்ணுக்கு இருக்கிறது இன்னொண்ணுக்கு இருக்காது. ஆனா நீங்க எடுத்தது வலது பக்கம். அண்ணன் எடுத்தது இடது பக்கம்."

"அதனால இன்னாம்மா? ஒரே உடம்பு தான?"

"ஒரே உடம்புதான். ஆனா ரெண்டு பக்கமும் கோடு வேற வேற. ஒரு பக்கத்தை வச்சு இன்னொரு பக்கத்தைச் சொல்ல முடியாது."

கலா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு ஐயோ என்று இருந்தது. யாழினி தன் மடிக்கணினியைத் திறந்து உன் படத்தை அதில் சேர்த்து வைத்திருந்த புலிப் படங்களோடு ஒப்பிட்டாள். ரொம்ப நேரம். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "அண்ணன் பார்த்த பொண்ணு புலி இவதான்."

காட்டில் மரத்தில் கட்டி வைத்த கேமரா தானாக எடுத்த படம். அதே இடப்பக்கம், அதே கோடு. போன மழை முடிந்த பிறகு எடுத்தது. எந்த இடம் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள், சொல்லக்கூடாதாம். எங்களுக்கு இடம் எதற்கு? கலா மாதத்தை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"எங்கண்ணன் போனப்புறம் கூட நடந்துகினு கீறா" என்றாள். பிறகு: "இவளோட வலது பக்கம் கீதா உன்னாண்ட?"

"தெளிவா இல்லக்கா. மழைத் தண்ணி பட்டு மங்கிப் போச்சு."

"அப்போ இன்னைக்கு நான் எடுத்தது இவளா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இல்லாமயும் இருக்கலாம்."

"இருக்கலாம்க்கா."

ஏமாந்துபோவாள் என்று பயந்தேன். அவளோ அந்தப் பெண்ணுக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். குட்டிக்கும் தாய்க்கும் கோடு ஒத்துப்போகுமா? முடியை மழித்தால் தோலிலும் கோடு இருக்குமா? தன் கோடு தனக்குத் தெரியுமா அதற்கு? பஸ் கிளம்புகிற வரைக்கும் ஓயவில்லை.

இங்கே வந்த பிறகு வீடு மாறிவிட்டது, மச்சான். உன் படம் கூடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் அவள் எடுத்தது. இரண்டு புலியும் ஒன்றையொன்று பார்த்து நடக்கிற மாதிரி மாட்டுவதா, முதுகு காட்டிப் போகிற மாதிரியா என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தாள். இப்போது எதிரெதிராக வருகின்றன. தெருவில் இருக்கிற வரிப்பூனையைக் கருவாடு காட்டிக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டாள். அதற்கும் வேறு வேறுதான்! மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மாடி அறைக்கு இப்போது பூட்டு கிடையாது.

நேற்று மாவு அள்ளிக்கொண்டே ஒன்று சொன்னாள். "எல்லாரும் பாத்தீங்க. நான் கேமரா ஓட்டையிலதான்யா பாத்தேன். கண்ணால பாக்கவே இல்ல."

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். மழை ஓய்ந்ததும் அவளை மறுபடியும் கூட்டிக்கொண்டு போவேன். கேமரா என் கையில் இருக்கும். கை நடுங்கினால் நடுங்கட்டும், படம் ஆடினால் ஆடட்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ, வந்தது நீ பார்த்தவளோ வேறு யாரோ, உன் தங்கச்சி அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்ப்பாள்.

உன் தங்கச்சியைக் கட்டிய
உன் மச்சான்,
பாஸ்கர்
சேக்காடு