மே மாதம் போட்ட கம்பி

9 மே 1999, ஞாயிறு

கீபோர்டுக்காரன் நாசமாய்ப் போக.

நேற்று கிள்ளானில் கல்யாண விருந்து. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கன்னையா அண்ணன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "மாப்பிள்ளையோட மாமா வந்து சொல்றாரு, பேஸ் வாசிக்கிற பொம்பள சும்மா நிக்குதுன்னு. கீழ ஒண்ணுமே கேக்கலையாம் கலா." கூடப்பிறந்த அண்ணன். குழுவுக்குத் தலைவர். இருநூறு பேர் பார்க்கிற மேடையில், நான் பேஸ் கித்தாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சொல்கிறார்.

பக்கத்தில் விநாயகமூர்த்தி சிரித்தான். போன வருஷம் புதுக் கீபோர்டோடு வந்து சேர்ந்தவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா பெரிய உத்தியோகம், இஸ்திரி கலையாத சட்டை. "அக்கா, உங்கட பேஸ் எனக்கு வடிவாக் கேக்குது" என்றான். நக்கல்! அவனுடைய இடது கை அந்தக் கீபோர்டிலேயே பேஸ் வாசிக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர், இவர் மட்டும்தான் ஆறுதல். மண்டபத்தின் கடைசியில், ஒலியை ஏற்றி இறக்கும் மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பவர் இவர்தானே, கீழே என்ன கேட்கிறது என்று இவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வரும்போது, "உன் மேல தப்பு இல்ல கலா, கம்பி செத்துப்போச்சு. உன் கை அப்படி" என்றார்.

என் கை அப்படித்தான். உள்ளங்கை வியர்வை, சனியன், இரண்டு கச்சேரியில் கம்பியைக் கொன்றுவிடும்.

11 மே, செவ்வாய்

கம்பியை வேகவைத்தேன். ரசச் சட்டியில். அழுக்கும் எண்ணெயும் கழன்று மிதக்கிறது, பார்க்கவே குமட்டுகிறது. துடைத்துக் காயவைத்து மாட்டினால் ஒரு நாள் பளீரென்று ஒலிக்கும். அடுத்த நாள் பழையபடி மரக்கட்டை. இந்த வேலைக்கா பதினேழு வருஷம் வாசித்தேன்?

15 மே, சனி

இன்று கச்சேரி இல்லை. கிள்ளானில் அந்தச் சீனர் கடைக்குப் போனேன். வாசலில் நின்றவன் என்னைப் பார்த்ததும், "மகனுக்கா ஆன்டி?" என்றான். எனக்குத்தான் என்றேன். ஏற இறங்கப் பார்த்தான். பார்த்துக்கொள்ளட்டும்.

முதலாளி பரவாயில்லை. நான்கு வகை எடுத்துப் போட்டார். ஸ்டீல் கம்பி சத்தம் பெரிது, ஆனால் விரலை அரம் மாதிரி தேய்க்கும். நிக்கல் என் பழைய எதிரி. வழவழவென்று தட்டையாகச் சுற்றிய ஒரு வகை, நெடுநாள் உழைக்கும், ஆனால் ஒலி முக்காடு போட்டதுபோல். நான்காவது புதுசு, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு, சுற்றின் இடுக்கில் வியர்வை இறங்காதாம். "கோட்டிங் ஆன்டி. தஹான் லாமா. ரொம்ப நாள் வரும்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நம்பவில்லை. அவர் சிரித்துக்கொண்டு சுவரில் தொங்கிய பேஸைக் கழற்றிக் கொடுத்தார். போன வருஷம் மாட்டிய கம்பியாம். கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம், கறிபாப் தின்ற கையோடு தட்டிப் பார்க்கிற கித்தார் அது. வாசித்தேன். முதலில் விரல் வழுக்கியது, பிடிக்கவில்லை. ஆனால் ஒலி! மணி மாதிரி நின்றது. தடிமன் சரிபார்த்து, என் கித்தாரின் நீளத்துக்குப் போதுமா என்று கேட்டு, அதையே வாங்கினேன்.

வீட்டில் இவருக்கு முகம் சரியில்லை. "கோட்டிங் போட்டா சத்தம் அமுங்கிடும் கலா. போர்வைய போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" என் கித்தார், என் விரல், இவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

23 மே, ஞாயிறு

நேற்று செந்தூலில் பிறந்தநாள் விழா. மேடையில் என் பின்னாலிருக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உயிரோடு கேட்டது! இறங்கி ஓடிப்போய் இவரிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். "நான்தான் சொன்னேனே. அமுங்கிப் போச்சு."

அண்ணன் என்னோடு பேசவே இல்லை.

6 ஜூன், ஞாயிறு

அண்ணன் சொல்லிவிட்டார். பயிற்சி முடிந்து எல்லாரும் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, யாருக்கோ மழை பெய்கிறது என்று சொல்வதுபோல்: "ஆடி முடியட்டும். ஆவணி முகூர்த்தத்துல இருந்து மூர்த்தியே கீபோர்டுல பேஸ போட்டுக்குவான். நீ வேணும்னா கோரஸ் பாடு."

கோரஸ்! தொண்டைக்கும் எனக்கும் ஜென்மப் பகை என்று தெரிந்தே சொல்கிறார். பத்தொன்பது வயதில் யாரும் தொடாத பேஸை என் தோளில் மாட்டிவிட்டதே அண்ணன்தான். "நாலே கம்பி, பொம்பளப் பிள்ளைக்கு லேசு" என்று சிரித்துக்கொண்டு மாட்டினார்.

வாரம் ஆறு நாள் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சனிக்கிழமை ராத்திரி அந்த நான்கு மணிநேரம் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். அதையும் பிடுங்கிவிட்டால் நான் யார்? பிரிக்பீல்ட்ஸில் துணி காயப்போடுகிற இன்னொருத்தி.

விநாயகமூர்த்தி வாசலில் வழிமறித்து, "அக்கா, நான் கேக்கேல்ல, அவராத்தான் சொன்னவர்" என்றான். முகத்தில் அறையலாம்போல இருந்தது.

இவர் மைலோ கலக்கிக் கொடுத்தார். "விடு கலா. எல்லாத்துக்கும் ஒரு வயசு இருக்கு" என்றார். எனக்கு முப்பத்தாறு. என்ன வயசு?

20 ஜூன், ஞாயிறு

என்ன நடந்தது என்று எனக்கே புரியவில்லை.

நேற்று மேருவில் விருந்து. இவருக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. மண்டபத்து ஆள் சின்னையா மிக்ஸரில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட மனுஷன், வாயில் பல்குச்சி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் பாட்டிலேயே தரை அதிர்ந்தது. நிஜமாக. மேசையில் இருந்த தண்ணீர் கிளாஸ் நடுங்கியதை நான் பார்த்தேன். பின் வரிசையில் பெண்பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு அங்கிள், கை கழுவாமலே வந்து, "யம்மா, பேஸ் இங்க வந்து இடிக்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அண்ணன் கேட்டார்: "கம்பி மாத்திட்டியா?"

இல்லை. மே மாதம் போட்ட அதே கம்பி. அமுங்கிப்போன கம்பி என்று இவர் சொன்ன அதே கம்பி.

மண்டபம் நல்ல மண்டபமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

21 ஜூன், திங்கள்

காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்துக்கொண்டே இவர் கேட்ட முதல் கேள்வி: "மிக்ஸர்ல யாரு?" சொன்னேன். "எப்படி இருந்துச்சு?" என்றார். "சூப்பர்னு சொன்னாங்க" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஏன் சந்தோஷப்படவில்லை?

4 ஜூலை, ஞாயிறு

நேற்று கிள்ளான். மே மாதம் வாசித்த அதே மண்டபம். இவர் மிக்ஸரில்.

பேஸ் செத்துவிட்டது. மேடையில் உயிரோடு இருக்கிறது, மண்டபத்தில் இல்லை. முன் வரிசையைப் பார்த்தேன், ஒரு காலும் தாளம் போடவில்லை.

பழைய நிக்கலாக இருந்திருந்தால் கம்பியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். என் கையைத் திட்டியிருப்பேன். இந்தக் கம்பியைத் திட்ட முடியவில்லையே! மேருவில் இடித்தது இதே கம்பிதானே.

நடுவில் ஒரு மெதுவான பாட்டு, கீபோர்டும் பாட்டும் மட்டும். கித்தாரைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினேன். மேசைகளுக்கு நடுவே நடந்து பின்னால் போனேன். இவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், என்னைக் கவனிக்கவில்லை. மிக்ஸரில் வெள்ளை டேப் ஒட்டி இவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: பாட்டு, கீபோர்டு, டிரம், பேஸ். மற்றக் குமிழ்கள் எல்லாம் மேலே. பேஸ் மட்டும் அடியில் படுத்திருக்கிறது.

விரலால் மேலே தள்ளினேன். மேடைக்குத் திரும்பினேன். அடுத்த பாட்டில் நான்கு தாளச் சுற்று வாசிப்பதற்குள் அது மறுபடி காணாமல் போனது.

நான் பார்த்துக்கொண்டே வாசித்தேன். இவர் கை அந்த இடத்தில்தான் இருந்தது.

அதே நாள், மத்தியானம்

கேட்டுவிட்டேன். அழவில்லை, கத்தினேன். கீழ்வீட்டு இராஜம்மா கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

முதலில் இல்லை என்றார். பிறகு ஃபீட்பேக் வந்து ஸ்பீக்கர் கூவுது அதான் என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூர்த்தி கீபோர்டு கொண்டு வந்தப்பவே எனக்குத் தோணிச்சு, இனி நீ இல்லாமலும் பேஸ் நடக்கும்னு. ஆபீஸ்ல கேக்குறானுங்க கலா, உன் மிஸிஸ் மேடையில நின்னு கித்தார் அடிக்கிறாங்களாமேன்னு. கணக்கெழுதுற கிராணிக்குக் குடும்பமே கச்சேரியான்னு. நான் போகாதேன்னு சொன்னா நீ என்ன சும்மா விடுவியா? நான் கெட்டவனாயிடுவேன். கம்பி போச்சுன்னா யாருக்கும் யார் மேலயும் கோவம் இல்ல."

யார் மேலும் கோபம் இல்லையாம்! ஒரு வருஷமா நீ என் கையைப் பார்த்து உச்சுக் கொட்டினியே! பவுடர் வாங்கிக் கொடுத்தியே விரலுக்கு! நான் அடுப்படியில கம்பிய வேகவச்சுட்டு நிக்கிறேன், நீ பக்கத்துல நின்னு துணி எடுத்துக் கொடுக்கிற, பாவி, ஒரு தடவையாவது வாய் கூசிச்சா உனக்கு? என் அண்ணன் வாயால என்ன வெளிய தள்ளப் பார்த்தியே!

"நான் நாலு பேர் முன்னாடி சொல்லிருந்தா அசிங்கம். இது அசிங்கம் இல்லாம முடிஞ்சிருக்கும்" என்றார். இன்னும் அவருக்குப் புரியவில்லை.

5 ஜூலை, திங்கள்

சமைக்கவில்லை.

10 ஜூலை, சனி

பயிற்சிக்கு மிக்ஸரையும் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணனிடம் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி சண்டைய இங்க கொண்டு வராதே லா" என்றார். எதிர்பார்த்ததுதான்.

"நீங்களே உக்காருங்க. நீங்களே ஏத்துங்க" என்றேன். பேஸை மற்றதோடு சமமாக வைத்தார். முதலில் விநாயகமூர்த்தி இடது கையால் வாசித்தான், சுத்தமாக, இஸ்திரி போட்ட மாதிரி. பிறகு நான் அதே பாட்டை வாசித்தேன். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

அண்ணன் தலையைச் சொறிந்தார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. "ஆவணியில நீயே வாசி" என்றார்.

"நான் அப்பவே சொன்னனான் அக்கா" என்றது கீபோர்டு. வடிவாக் கேக்குது என்று சொன்னான்தான். அவனை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

28 ஆகஸ்டு, சனி

இனி மிக்ஸருக்குச் சின்னையாவைப் பேசி முடித்தாயிற்று. பல்குச்சியைக் கையில் எடுத்து, "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்றார். வரமாட்டார் என்றேன்.

21 நவம்பர், ஞாயிறு

நேற்று கிள்ளானில் இவருடைய ஆபீஸ் நண்பர் மகள் கல்யாணம். இவர் அழைப்போடு வந்தார், பதினைந்தாவது மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ்காரர்கள் எல்லாம் அதே மேசை. நான் பாதிப் பாட்டில் நிமிர்ந்தபோது அவர்களில் ஒருத்தர் இவர் தோளைத் தட்டி என்னைக் காட்டி ஏதோ சொன்னார். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை அதிர்ந்திருக்கும்.

காலையில் கோப்பியை ரொம்ப நேரம் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"புதுக் கம்பியா?"

"இல்ல. மே மாசம் போட்டதுதான்."

அவர் கோப்பியை மறுபடி கலக்கத் தொடங்கினார். நான் என் ரொட்டிக்குக் காயா ஜாம் தடவிக்கொண்டேன்.