அவன் மண்டியிடும் காட்சி

1940, அக்டோபர் 12, சனி

வழக்கம்போல் பாதியில்தான் போனோம். இந்த ஹாலிஃபாக்ஸில் படத்தை முதலிலிருந்து பார்க்கிறவர்கள் யார்? மதியம் தொடங்கினால் இரவுவரை கொட்டகையில் ஓடிக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் தையற்கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் போவோம். எந்த இடத்தில் நுழைந்தோமோ அந்த இடம் திரும்பி வந்ததும் எழுந்துவிடுவோம்.

நாங்கள் உட்கார்ந்தபோது திரையில் ஒருத்தி மாடிப்படியில் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கணவன் வீட்டுக் கடிகாரங்களை அவளுக்குத் தெரியாமல் திருப்பித் திருப்பி வைக்கிறான். நேரம்கூடத் தெரியாதவள் என்று ஊரையும் நம்பவைத்து, அவளையும் நம்பவைக்கிறான். நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிளிஃபர்ட் கவனித்துவிட்டு, மேலே போய் டீ குடிக்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனார். சர்க்கரை இல்லாத டீ, ஓரம் உடைந்த சாசர். திரும்பி வந்தபோது படம் முடிந்து போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு படம் முதலிலிருந்து வந்தது. மாடிப்படி வந்ததும், நாம் வந்த இடம் இதுதான் என்று எழுந்துவிட்டார்.

இருட்டில் நடந்து வந்தோம். போர் இருட்டடிப்பால் தெருவிளக்கு எரிந்து வருடத்துக்கு மேலாகிறது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்னதான் ஆயிற்றோ என்று கேட்டேன், சும்மா பேச்சுக்கு. அவர் நின்றுவிட்டார்.

"பாத்தியே எட்னா. என் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு அழுதியே. அவன் அவ முன்னால மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கறான். அவ அவன் தலையில கை வைக்கறா. அதுகூடவா மறந்துபோச்சு?"

அப்போது நாம் டீ குடித்துக்கொண்டிருந்தோமே என்றேன். டீ குடித்தது போன சனிக்கிழமை என்றார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கோயிலில் பாடகர் வரிசைக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. என் பழைய இடத்தில் இப்போது பேக்கரிக்காரர் மகள் நிற்கிறாள். மூக்கால் பாடுகிறாள். பாடட்டும், அவளாவது நிற்கிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு நான் முந்திக்கொண்டு பாடிவிட்டதாகவும், கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாகவும் கிளிஃபர்ட் சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை. மரியாதைக்காகச் சொல்லாமல் இருப்பார்கள் என்றார். அதோடு பாடுவதை நிறுத்திக்கொண்டேன். இன்று மற்றவர்கள் பாடும்போது என் வாய் தானாக அசைந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு பாட்டுப் பயிற்சி முடிந்து வெளியே வந்தால், சுவரோரம் சிப்ஸ் பொட்டலத்தோடு நிற்பார். மொறுமொறுப்பானதையெல்லாம் பொறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, துவண்டதை அவர் தின்பார். அந்த மனுஷர் எங்கே போனார்? நான்தான் தொலைத்துவிட்டேனோ? என்னென்னவோ தொலைக்கிறேனே, அதையும் சேர்த்து.

சாப்பிடும்போது சொன்னார்: வெள்ளிக்கிழமை டாக்டர் த்வெய்ட் வருகிறாராம். மேட்டுக்காட்டில் நரம்புக் கோளாறுக்கான இல்லம் ஒன்று இருக்கிறதாம். டாக்டர் கையெழுத்துப் போட்டால் அங்கே சில மாதம் இருந்துவிட்டு வரலாமாம். சில மாதம் என்று ஹோல்ட்ஸ்வர்த் வீட்டு அம்மாளையும் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். அவள் சமையலறைத் திரைச்சீலையை இப்போது வேறு ஒருத்தி துவைக்கிறாள்.

அக்டோபர் 14, திங்கள்

துணி காயப்போட்டு, எடுத்து, தேய்த்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. விமானத் தாக்குதல் காவல் பார்க்கும் ஆக்ராய்ட் வந்து கதவைத் தட்டினார். பின்னறை ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறதாம்.

"ஜெர்மன்காரனுக்கு விருந்து வைக்கறீங்களாம்மா? தெருக்கோடி வரைக்கும் தெரியுது."

இருட்டியதுமே நான் கறுப்புத் திரையை இழுத்து மூடியிருந்தேன். என் கையாலேயே ஓரத்தை ஆணியில் மாட்டியிருந்தேன். கிளிஃபர்ட் மாடியிலிருந்து இறங்கி வந்து ஆக்ராய்டிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டார், தாழ்ந்த குரலில், ஆம்பிளைக்கு ஆம்பிளை. ஆக்ராய்ட் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. மாட்டினேனா இல்லையா? மாட்டினேன். மாட்டினேன்னுதான் நினைக்கறேன் — ஐயோ, தெரியலையே.

அக்கா ஹில்டா பக்கத்தில் இருந்தால் தேவலை. அவள் இருக்கும் விட்பி என்ன கடல் கடந்தா இருக்கிறது? ஈஸ்டருக்குப் பிறகு அவள் எட்டிப் பார்க்கவில்லை. என் புலம்பலைக் கேட்டுச் சலித்துவிட்டதாகக் கிளிஃபர்டிடம் சொன்னாளாம். கூடப் பிறந்தவளே சலித்துவிட்டால் மற்றவர்களை என்ன சொல்வது?

அக்டோபர் 15, செவ்வாய்

ஞாபகம் வந்துவிட்டது! உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது அப்படியே கண்முன் வந்தது. அவன் மண்டியிடுகிறான், தோள் குலுங்குகிறது, அவள் கை மெல்ல அவன் தலைமுடியில் இறங்குகிறது. அவன் சட்டைக் கை விளிம்பின் மடிப்புகூடத் தெரிந்தது. கிளிஃபர்டிடம் சொன்னேன். நெற்றியில் முத்தமிட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

டாக்டர் வேண்டாமே இனி என்றேன். வந்து பார்த்துவிட்டுத்தான் போகட்டுமே என்றார்.

அக்டோபர் 16, புதன்

தனியாகக் கொட்டகைக்குப் போனேன். கல்யாணமானபின் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. சோதித்துப் பார்க்கப் போகவில்லை, அதை இங்கே உண்மையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அந்தக் காட்சி இன்னொரு தடவை வேண்டியிருந்தது. அவன் மண்டியிடுவதைப் பார்க்க வேண்டும், அவள் கை இறங்குவதைப் பார்க்க வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த இல்லத்துக்கே போனாலும் போகலாம் என்று தோன்றியது.

மதிய ஆட்டத்தின் தொடக்கத்துக்கே போய் உட்கார்ந்தேன். மாடிப்படி வந்தது. அதற்குப் பிறகு வந்த எதுவும் எனக்குத் தெரியவில்லை. பரவாயில்லை, மண்டியிடுவது வரும் என்று காத்திருந்தேன். அவள் ஒவ்வொரு கடிகாரமாக நிறுத்தினாள். தொப்பியை மாட்டிக்கொண்டாள். இதோ, இப்போது மண்டியிடுவான் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். படம் முடிந்துவிட்டது.

விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன். டார்ச் பிடித்து இடம் காட்டும் ஜெஸ்ஸி பக்கத்தில் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அவன் மண்டி போடுகிற இடத்தை வெட்டிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எந்த இடம்? படம் வந்த நாள்லேருந்து தினம் பாக்கறேன் கண்ணு. அவன் மண்டி போடற ஆளே இல்ல."

வெளியே வந்தேன். கறிக்கடை வாசலில் வரிசை நின்றது. நானும் போய் நின்றுகொண்டேன், எதற்கென்று தெரியாமல். நிற்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கிளிஃபர்டும் முடிவைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்த்திருப்பார்? என்னோடு மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தாரே.

அப்படியானால் ஆணி? திரை? கோயிலில் நான் முந்திப் பாடியது?

அக்டோபர் 17, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது, அந்தப் படத்தின் முடிவை இன்னொரு தடவை சொல்லுங்களேன் என்று கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னார். இந்தத் தடவை வெளியே மழையும் பெய்தது. அவன் குரல் உடைந்துபோகிறது என்றார். எவ்வளவு அழகாகச் சொல்கிறார்! நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்த பிறகும், அவர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் இருந்தது. என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 18, வெள்ளி

டாக்டர் த்வெய்ட் வந்தார். முன்னறையில் கணப்பு மூட்டியிருந்தேன். கிளிஃபர்ட் வரிசையாகச் சொன்னார்: தொலைத்த சாவி, ஜன்னல் வெளிச்சம், கடைசியாகக் கடிகாரப் படம். முழுக்கப் பார்த்து அழுதுவிட்டு, வீட்டுக்கு வருவதற்குள் முடிவு என்னவென்று கேட்கிறாள் என்றார். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

டாக்டரைப் படம் பார்த்துவிட்டு வரச்சொல்ல வேண்டும், நாளை வரை ஓடுகிறது, அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று கெஞ்ச வேண்டும் என்பதுதான் என் யோசனை. அவர் கேட்பாரா என்பது வேறு கதை.

"முடிவ நீங்களே டாக்டருக்குச் சொல்லுங்க, கிளிஃபர்ட்" என்றேன்.

சொன்னார். மண்டியிட்டதையும், கை வைத்ததையும், மழையையும் விடாமல் சொன்னார். டாக்டர் கடைசிவரை கேட்டார்.

"நான் திங்கக்கிழமை பாத்தேன், மிஸ்டர் கிரேவன். வீட்டுக்காரி விடாம இழுத்துட்டுப் போனா."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிளிஃபர்ட் சிரித்தார், தான் வேறு படத்தோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, போய்த் தங்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். விட்பியில் அக்கா இருக்கிறாள் என்றேன். மதிய ரயிலுக்கு ஸ்டேஷன் வரை அவர் காரிலேயே கொண்டுபோய் விட்டார்.

புறப்படும்போது கிளிஃபர்ட் நாற்காலியில்தான் இருந்தார். வாசலில் ஒரு கணம் நின்றேன். எதற்கு நின்றேன் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 21, சனி, விட்பி

ஹில்டா இரண்டு தடவை ஹாலிஃபாக்ஸுக்கு வந்தாளாம். நான் தூங்குவதாகச் சொல்லிக் கிளிஃபர்ட் வாசலோடு அனுப்பிவிட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் கையில் கிடைத்த பாத்திரத்தைப் போட்டு அடித்துத் துலக்குகிறாள்.

இங்கே கோயில் பாடகர் வரிசையில் பெண்களின் கீழ்க்குரலுக்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். நாளை பாடுகிறோம். பயிற்சியில் ஒரு இடத்தில்கூட நான் முந்தவில்லை. மற்றவர்கள் முந்தினார்கள்.

இன்று ஹில்டாவோடு சினிமாவுக்குப் போனேன். முதலிலிருந்துதான் பார்ப்பேன் என்று அடம்பிடித்து, குளிரில் அவளை நிற்கவைத்தேன். விளக்கு அணைந்ததும், கிளிஃபர்ட் பிடித்துக்கொள்வார் என்பதுபோல், என் வலது கை தானாக நாற்காலிக் கையில் போய் விரிந்துகொண்டது. ஹில்டா அதில் ஒரு டாஃபியை வைத்தாள்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாத்திரம் கழுவும்போதோ, மாடி ஏறும்போதோ அந்தக் காட்சி வந்துவிடுகிறது. நான் பார்த்த முடிவு வருவதில்லை, அவர் சொன்ன முடிவுதான் வருகிறது. அதை யாரும் எழுதவில்லை, யாரும் நடிக்கவில்லை. இருட்டுத் தெருவில் நின்ற இடத்தில், யோசிக்கக்கூட நேரமில்லாமல், எனக்கென்று உண்டாக்கிச் சொன்னது அது. அவன் மண்டியிடுவதும், மன்னிப்புக் கேட்பதும்.

அப்படியானால் நான் எதற்காக ஏங்கினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.